மேல் மூடாத தொப்பி

அந்தக் கோடையில் என்னிடம் ஒரே சமயத்தில் நான்கு வேலைகள் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரியின் மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே பனிமலைப் பக்கம் போயிருந்தான். அவனுக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர். பழைய வண்ணாரப்பேட்டையில் கைலி வியாபாரம் செய்பவரின் வீட்டம்மாவுக்கு, கடையில் மிஞ்சிய மாதிரித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் ஒரு போர்வை. ராயபுரத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு வெள்ளைச் சால்வை. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டுக்கு, பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைக்கும் கட்டில் விரிப்பு. நான்கில் ஒன்றுகூட முடியவில்லை. முடியாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு உல்லன் பின்னுகிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறார். வேர்வையில் நனைந்த சட்டையோடு வந்து நிற்கும்போது என் மடியில் ஸ்வெட்டரைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். ஆனால் ஊட்டிக்குப் போகிறவர்களும் டெல்லிக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பீரியடில் பிடித்த ஊசி. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் வெள்ளை உல்லன் பின்னுவதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையும், எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் சாம்பலும் ஜன்னல் கம்பியில் படிந்துகொண்டே இருக்கும். காலையில் துடைத்த இடத்தில் மாலையில் விரலால் கோலம் போடலாம். அதனால் நான் நூல் உருண்டையைத் தூக்குவாளிக்குள் போட்டு, மூடியை ஓரமாகச் சாய்த்து, அந்தச் சந்து வழியாக இழையை வெளியே எடுத்துப் பின்னுவேன். அன்றைக்குப் பின்னி முடித்த பாகத்தையும் வாளிக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடுவேன்.

என் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பிள்ளை உண்டானது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்தாம் மாதத்துக்குள் தொப்பி, சட்டை, காலுறை, போர்த்த ஒரு சின்னச் சால்வை என்று முழு செட்டையும் பின்னி முடித்தேன். எங்களில் பிறக்காத பிள்ளைக்குப் புதிதாக எதுவும் எடுத்து வைப்பதில்லை. பழந்துணி துவைத்துச் சேர்த்து வைக்கலாம், அவ்வளவுதான். தொட்டில்கூடப் பிறந்த பிறகுதான் வரும். இது எனக்குத் தெரியாதா? கடையில் வாங்கினால்தானே தப்பு, கையால் பின்னினால் என்ன என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். பின்னியதோடு நிறுத்தினேனா, அதுவும் இல்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டினேன். ஆறாம் மாதம் பிள்ளை தங்கவில்லை.

இரண்டாவது முறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள், எதையும் தொடாதே என்று. சரி என்றேன். மனசார சரி என்றுதான் சொன்னேன். ஆனால் கை கேட்கவில்லை. ஒரே ஒரு மஞ்சள் தொப்பி பின்னி, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் உலை வைக்க அரிசி அள்ளப் போனாள். படியோடு தொப்பியும் வந்தது. அதைத் திரும்ப உள்ளே போட்டு, மேலே அரிசியைத் தள்ளி மூடினாள். அடுத்த வாரமே மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அங்கே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நீ முடிச்ச, அது போச்சு. ரெண்டு வாட்டியும் நீதான்மா."

டாக்டர் வேறு காரணம் சொன்னார். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருப்பதாகவும், அடுத்த முறை ஆரம்பத்திலேயே தையல் போட்டுவிடலாம் என்றும் படம் வரைந்து விளக்கினார். படித்த மனுஷர் பொறுமையாகச் சொன்னது அவள் காதிலும் ஏறவில்லை, என் காதிலும் ஏறவில்லை. அவள் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் என் மருமகன் அந்த மஞ்சள் தொப்பியை எடுத்துப்போய்க் கடலோரத்துக் கருங்கற்களுக்கு அப்பால் வீசிவிட்டு வந்தார். அவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று.

மூன்றாவது முறை டாக்டர் சொன்னபடியே தையல் போட்டு, படுத்தே இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலேயே முக்கியமான தையல் அது ஒன்றுதான். நல்லவேளை, அதில் என் கை படவில்லை. வந்த அன்றைக்கே மகள் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் கையை எடுத்துத் தன் உச்சியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கொழந்தைக்கு ஒரு இழ பின்ன மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். பெற்றவளைத் தன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லும் நிலைமைக்கு என் பெண்ணை நான்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அந்த நிமிஷத்தில் விரல்களை வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

கையைச் சும்மா வைத்தால் ஆபத்து என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது பாட்டுக்கு ஏதாவது சின்னதாகத் தொடங்கிவிடும். அதனால்தான் வந்த வேலையையெல்லாம் வாங்கிப் போட்டேன். பெரியவர்களுக்கானது மட்டும். இளஞ்சிவப்பு, இளமஞ்சள், வான நீலம் எதுவும் வாசல் தாண்டக் கூடாது என்பது மகளின் சட்டம். ஒவ்வொரு பையிலும் யாருடையது என்று எழுதிய சீட்டைக் குத்தி வைத்தேன். தினமும் காலையில் அவள் படுத்தபடியே பைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பாள். ஒவ்வொன்றையும் விரித்து, இது கை, இது முதுகு, இது விரிப்பின் மூலை என்று நான் கணக்கு ஒப்பிக்க வேண்டும். வேலைக்காரியைச் சோதிக்கிற மாதிரி இருக்கும். எனக்குக் கோபம் வராது. வருவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

நான்கையும் ஒரே நாளில் தொடுவேன். ஸ்வெட்டரில் பத்து வரிசை, அதை வைத்துவிட்டுக் கைலித் துண்டில் இரண்டு கட்டம், அதை வைத்துவிட்டுச் சேலை விரிப்பில் ஓட்டுத் தையல், பிறகு சால்வை. ஏதாவது ஒன்று முடியும் தறுவாய்க்கு வந்தால் பயம் வந்துவிடும். அதைப் பைக்குள் அடியில் தள்ளிவிட்டு இன்னொன்றை இழுப்பேன். முடித்துக் கொடுத்துவிட்டால் ஒரு கை காலியாகும். காலியான கைக்கு என்ன தோன்றும் என்று யார் கண்டது? கைலிக்கார அம்மா நான்கு முறை போன் செய்துவிட்டார். டீச்சர் நேரிலேயே வந்து, குளிர்காலம் வருவதற்குள் கிடைக்குமா, நான் போய்ச் சேருவதற்குள் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரிடமும் இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்று புளுகினேன்.

இத்தனை காவலையும் மீறி கை ஒருநாள் என்னை ஏமாற்றிவிட்டது. மதியம், மின்விசிறி நின்றுபோன நேரம். டீச்சரின் சால்வையைப் பின்னிக்கொண்டே ஏதோ யோசனையில் இருந்தேன். குனிந்து பார்த்தபோது கடைசி ஐந்து வரிசையில் சின்னச் சின்ன அலை ஓடியிருந்தது. சால்வைக்கு நான் போட்டுவந்தது கட்டம். இந்த அலையை வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போட்டிருந்தேன், முதல் பிள்ளைக்குப் பின்னிய சால்வைக்கு. அடுத்த அறையில் மகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. ஊசியை உருவிவிட்டு மடமடவென்று பிரித்தேன். அவசரத்தில் ஐந்து வரிசைக்குப் பதில் இருபது வரிசை போய்விட்டது. போகட்டும். சுருள் சுருளாக விழுந்த நூலைத் தூக்குவாளிக்குள் அமுக்கி மூடிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஏழாம் மாதம் முடியும்போது அவளுக்குக் கால்கள் வீங்கின. தலைவலி என்றாள், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்தவுடன் அட்மிட் செய்துகொண்டார்கள். அக்னி நட்சத்திரம். வளாகத்திலிருந்த வேப்பமரத்து நிழலில், எங்களைப் போலக் காத்துக் கிடந்தவர்களோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். போர்வையையும் விரிப்பையும் அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் பட்டாளத்துப் பையனின் ஸ்வெட்டர் மட்டும் தூக்குவாளியில் நூலோடு கூட வந்தது. முதுகும் மார்பும் முடிந்து, ஒரு கை ஓடிக்கொண்டிருந்தது. கைகளை நான் உருளையாகவே பின்னுவேன். மணிக்கட்டில் இழுத்தால் விரிகிற பட்டையில் தொடங்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பக்கத்தில் மூட்டுத் தையல் வராது. முழங்கை தாண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை, இனிமேல் வைத்திருந்தால் தாய்க்கே ஆபத்து என்று ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூறு கிராம். என் கண்ணில் காட்டவே இல்லை, அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மகளுக்கு மயக்கம் தெளியவில்லை.

பதினொரு மணிவாக்கில் ஒரு நர்ஸம்மா வெளியே வந்து எங்களைத் தேடினார். தென்மாவட்டத்துப் பேச்சு, கையில் ஒரு துணிமூட்டை. நான் சேர்த்து வைத்திருந்த பழந்துணிதான். துணி போதும், தலைக்கு உல்லன் தொப்பி வேண்டும் என்றார். குழந்தை உடம்பில் சூடு நிற்கவில்லை, சூடெல்லாம் தலை வழியாகத்தான் போகிறது, தங்களிடம் இருந்ததைப் போட்டுப் பார்த்தார்களாம், அது நழுவி முகத்தை மூடுகிறதாம். அளவாக ஒன்று வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

"முன்னமே ஒண்ணும் செஞ்சு வைக்கலையாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. உள்ளே என் பேத்தி குளிரில் கிடந்தாள். ஊரார் தலைக்கெல்லாம் தொப்பி பின்னிய கை, இந்த ஒரு தலைக்கு மட்டும் பின்னக் கூடாது என்று இத்தனை மாதமாகக் கட்டிப்போட்ட கை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைப் போல ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

மருமகன் கடைத்தெருவுக்கு ஓடினார். இருந்ததிலேயே சின்னது என்று இரண்டு தொப்பி வாங்கிவந்தார். இரண்டும் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தன. தாடை வரைக்கும் இறங்குகிறதாம். எவ்வளவு பெரிய தலை என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். என் பக்கத்தில் மகளுக்காக வாங்கி வைத்திருந்த சாத்துக்குடிப் பையைப் பார்த்தார். அதில் பெரியதாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

புதிதாகப் பின்னினால் மூன்று மணி நேரம். தூக்குவாளியிலிருந்து நூலை இழுத்துக் கண்ணி போடத் தொடங்கினேன். கண்ணி என்றால் ஊசியில் நிற்கும் வளையம், பிள்ளைகள்கூடப் போடுவார்கள். எனக்கு வரவில்லை. வளையம் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் எண்ணிக்கை தப்பியது. மருமகன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மடியில் கிடந்த ஸ்வெட்டர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுப் பட்டை, இழுத்தால் விரியும். அதன்மேல் உருளை. சாத்துக்குடியை எடுத்து அதற்குள் விட்டேன். பட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது.

மேலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். பத்து நாள் வேலை. பச்சை நூல் சுருண்டு சுருண்டு காலடியில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பட்டைக்கு மேல் நான்கு விரற்கடை மிஞ்சும்போது நிறுத்தி, வெளியே நின்ற கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றினேன். நாற்பத்தெட்டு. இனிக் கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து உச்சியை மூடிவிட்டால் தொப்பி தயார். கால் மணி நேர வேலைதான்.

மூட முடியவில்லை. நீ முடிச்ச, அது போச்சு. பிள்ளை பிறந்துவிட்டது, இனி அந்தச் சத்தியம் செல்லாது என்று புத்தி சொல்கிறது. கை அசைய மறுக்கிறது. கடைசியில் ஒரு தனி இழையை எடுத்து நாற்பத்தெட்டுக் கண்ணிக்குள்ளும் கோத்து, பாவாடை நாடா மாதிரி சுருக்கி, அவிழ்க்கிற மாதிரி ஒரு சுருக்கு மட்டும் போட்டேன். உச்சி சேர்ந்துகொண்டது. ஆனால் கண்ணிகள் திறந்தே இருந்தன. அதை யாரும் முடிந்த பொருள் என்று சொல்ல முடியாது.

குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசினேன். மதில்மேல் காயவைத்தால் லாரிப் புகை படிந்துவிடும். தூக்குவாளியின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் தொப்பியை விரித்து, தூசி விழாமல் முந்தானையைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். வெறுங்கால். சுட்டது தெரியவில்லை. அரை மணியில் காய்ந்தது. நர்ஸம்மா வாங்கிப் பார்த்தார், மேலே என்ன ஓட்டை என்று கேட்டார். சுருக்கை இறுக்கிக் காட்டினேன். எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை.

மகளை மூன்றாம் நாள்தான் குழந்தையிடம் நடத்திக்கொண்டு போனார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றேன். குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே, கை அகலத்துக்கு ஒரு உடம்பு. அதில் முதலில் தெரிந்தது பட்டாளத்துப் பச்சைதான். மகள் அதைப் பார்த்தாள். என் தோளில் இருந்த அவள் கை விறைத்தது.

"அத எப்போ பின்னுன?"

அரிசி டிரம்மிலிருந்து தொப்பி வந்த அன்றைய முகம். நான் பேசிய வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அது தொப்பியே இல்லை, பட்டாளத்துப் பையனின் சட்டைக் கை, நீதான் தினமும் பார்த்தாயே, அதைப் பிரித்துச் சுருக்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. உள்ளே கையைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னபோது போனவள், குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விரலால் தொப்பியின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். சுருக்கைத் தடவினாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"முடிக்கலியா?"

"இல்ல கண்ணு. அப்டியே தொறந்துதான் கீது."

"முடிக்காத."

அவ்வளவுதான். நானும் சரி என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் புருஷன் டிரெய்லர் லாரி வைத்திருக்கிறார். அவளுக்கு வாய் பெரிது, மனசும் அப்படியேதான், ஆனால் முதலில் வாய்தான் வரும். ஒற்றைப் பிள்ளை. குளிரில் உதடு வெடித்து ரத்தம் வருகிறது என்று அவன் சொன்னதிலிருந்து தினமும் என் வீட்டுப் படியேறி ஸ்வெட்டர் எவ்வளவு தூரம் வந்தது என்று பார்த்துவிட்டுப் போகிறவள். கையைப் பிரித்துவிட்டேன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. திட்டட்டும் என்று நானும் நின்றேன்.

"கொழந்த இன்னா எட யக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, அந்த எடையைக் கற்பனை செய்கிறவள் போலப் பார்த்தாள். "எம்புள்ள எழுவது கிலோ கீறான். அவன் தாங்குவான். நீ போ, அதப் பாரு."

மற்ற மூன்று வேலைகளும் அப்படி அப்படியே கிடந்தன. அதுவரை கையைக் காலியாக விடப் பயந்தவள், இப்போது ஊசியைத் தொடவே பயந்தேன். பேத்தி முதல் வாரத்தில் நூறு கிராம் இறங்கினாள். நடுநடுவே மூச்சை மறந்துபோவாள். நர்ஸம்மா உள்ளங்காலைச் சுண்டினால் திரும்ப எடுப்பாள். மூச்சு விடுவதை ஒரு உயிர் மறந்துபோகுமா? போகும், நான் பார்த்தேன். மகளின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். அப்போதெல்லாம் அவள் தாவாய்க்கட்டைக்குக் கீழே அந்தப் பச்சைத் தொப்பி மட்டும்தான் தெரியும். இரண்டு முறை திரும்பச் சூடு காட்டும் மெஷினுக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்டது தொப்பி எங்கே என்றுதான். கண்ணிகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

துவைத்துப் போட மாற்றுத் தொப்பி வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னபோது, பிரித்த நூலிலேயே அதே மாதிரி இன்னொன்று பின்னினேன். அதையும் மேலே மூடவில்லை. ஒன்று தலையில், ஒன்று குழாயடியில். ஒருநாள் அலசும்போது முதல் தொப்பியின் கோத்த இழை வெளியே வந்துவிட்டது. ஒரு கண்ணி நழுவி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணிப்படி மாதிரி மூன்று வரிசை கீழே இறங்கியது. கொண்டையிலிருந்த ஊசியைப் பிடுங்கி அந்தக் கண்ணியைக் குத்திப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையோடு மாடிப்படியில் ஓடினேன். காவலுக்கு நின்ற அம்மா தடுத்தார். அவரைத் தள்ளிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தாள். மகளும் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. உலகத்தில் ஒரு கண்ணி நழுவினால் ஒரு கண்ணிதான் நழுவுகிறது போலிருக்கிறது. எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. படியில் உட்கார்ந்து அந்தக் கண்ணியை மூன்று வரிசை மேலே ஏற்றி, திரும்ப இழையில் கோத்தேன். ஆனாலும் மூடவில்லை. முடிக்காதே என்று சொன்னவள் அவள். மூடு என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

நாற்பத்தோராம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒரு கிலோ தொள்ளாயிரம். தொப்பியின் பட்டை இப்போது நன்றாக விரிந்து உட்கார்ந்திருந்தது. மருமகன் லாரியோடு வெளியூர் போயிருந்ததால் ஆட்டோ பிடித்தேன். வழக்கம்போல எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. நடுவில் மாட்டிக்கொண்டோம். புகையும் புழுதியும் உள்ளே வந்தன. முந்தானையை விரித்து இரண்டு பக்கமும் மறைத்தேன். இந்த ரோட்டைத் திட்டாத நாள் என் வாழ்க்கையில் இல்லை, அன்றைக்கும் திட்டினேன்.

மகள் மடியிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியின் உச்சியில் சுருக்குக்கு நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவு ஒரு துளை எப்போதும் இருக்கும். அதன் வழியாக வாயால் ஊதி ஏதோ ஒன்றை எடுத்துவிட்டாள். பிறகு தொப்பியை மெதுவாகக் கழற்றி, பழந்துணியின் ஓரத்தால் தலையை மூடிக்கொண்டு, என்னிடம் நீட்டினாள்.

"உள்ள தூசி போவுதும்மா. மேல மூடிடு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இப்பவே முடிம்மா. நீயே முடி."

பையிலிருந்து ஊசியையும் மிஞ்சிய பச்சை நூலையும் எடுத்தேன். சுருக்கை அவிழ்த்தேன். நாற்பத்தெட்டுக் கண்ணிகளும் வாய் திறந்து நின்றன. கண்ணில் தண்ணீர் முட்டி, எது எந்தக் கண்ணி என்றே தெரியவில்லை. விரலால் தடவித் தடவி எடுத்தேன். இரண்டு இரண்டாகச் சேர்த்தேன், இருபத்துநான்கு. மறுபடி சேர்த்தேன், பன்னிரண்டு. ஆட்டோ குலுங்கினால் நழுவிவிடும். இந்த லாரிகள் இன்னும் கொஞ்ச நேரம் நகராமல் இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். நகரவில்லை. பன்னிரண்டு கண்ணிகளுக்குள்ளும் நூலை இழுத்து இறுக்கி, உட்பக்கம் முடிந்து, பல்லால் கடித்து அறுத்து அவளிடம் கொடுத்தேன்.

உச்சியை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அவளே குழந்தைக்குப் போட்டுவிட்டாள்.